பூனைக்குட்டியின் கண்ணில் பீளையா?

குதிர் நெல்லை எலியிடமிருந்து காக்கும் பூனைக்குக் கண் போனால் வேட்டை குறையும். குட்டி பிறந்த 7 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். அதற்கு முன்பே இமை புடைத்துச் சீழ் கசிந்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சீழை வெளியேற்ற வேண்டும். உள்ளே தேங்கினால் கருவிழி கெடும்.

வளர்ந்த குட்டிக்குத் தும்மலுடன் இரு கண்ணிலும் பீளை தள்ளினால் அது பெரும்பாலும் தொற்றுநோய்; மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து வைக்கவும். ஒரு கண் மட்டும் கலங்கினால் நெல் சுணையோ நகக் கீறலோ காரணமாகலாம். உள்மூலையிலிருந்து வெண்சவ்வு ஏறிப் பாதிக் கண்ணை மறைப்பதைக் கண்டு பலர் சதை வளர்ந்துவிட்டதென அஞ்சுகின்றனர். அது பூனைக்கு இயற்கையாக உள்ள மூன்றாம் இமை. கழிச்சல் கண்டு குட்டி மெலிந்தாலும் அது மேலேறும். அதை வெட்டவோ சுடவோ கூடாது.

கொதித்து ஆறிய நீர் ஒரு டம்ளரில் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து, பஞ்சால் பீளையை ஊறவைத்துத் துடைக்கவும். கண்ணுக்கொரு பஞ்சு வேண்டும். வீட்டில் மிஞ்சிய கண் களிம்பைப் போட வேண்டாம். ஸ்டீராய்டு கலந்ததாயின் கருவிழிப் புண் பெரிதாகும். பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். கருவிழி வெளுத்தாலோ, குட்டி கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தாலோ அன்றே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லவும். மாடுகளோடு பூனையையும் அங்கே பார்ப்பார்கள்.