மயிற்பொறியும் இரும்பு மலரும்

மாந்தர் தாம் சமைத்த பொறியினுள் அமர்ந்து, அதனைத் தம் உடம்பேபோல் இயக்கும் கதைகள் இக்காலத்து இளைஞரால் பெரிதும் விரும்பப்படுகின்றன. 2015 முதல் 2017 வரை சப்பான் நாட்டுத் தொலைக்காட்சியில் வெளிவந்த 'காண்டம்: அயர்ன்-பிளட்டட் ஆர்பன்ஸ்' என்னும் தொடர் அத்தகையது. செவ்வாய்க் கோளில் உற்றாரின்றித் தள்ளப்பட்ட சிறுவன் ஒருவன் போர்ப்பொறி ஊர்வதே அதன் பொருள். அதனைக் காணும் தமிழ் மாணவர்க்குச் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி நினைவிற்கு வாராதிராது. இவ்விரு பொறிகளையும் அவற்றை ஊர்ந்தாரையும் ஒப்புநோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நம் காப்பியத்தைக் காண்போம். திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய இந்நூல் பதின்மூன்று இலம்பகங்களை உடையது. 1887-இல் உ. வே. சாமிநாதையர் இதனை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். ஏமாங்கத நாட்டு வேந்தன் சச்சந்தன், தேவி விசயைபால் வைத்த காதல் மிகுதியால், அரசாட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்புவித்தான். ஓர் இரவில், அசோகமரம் ஒன்று வீழவும், அதன் அடியினின்று முடியும் எட்டு மாலையும் உடைய முளை ஒன்று எழவும் விசயை கனாக் கண்டாள். வீழ்ந்த மரம் தானே என உணர்ந்த வேந்தன், கருவுற்ற தேவியைக் காக்கும்பொருட்டுக் கைவல்ல தச்சனைக்கொண்டு வானிற் பறக்கும் மயில் ஒன்றைச் சமைப்பித்தான்.

துணியும் நூலும் பிசினும் அரக்கும் மெழுகும் கொண்டு ஏழு நாளில் அப்பொறி முற்றுப்பெற்றது. வலப்புறம் திருகினால் மேலெழும்; இடப்புறம் திருகினால் இறங்கி நிற்கும். விசயை அதனை இயக்கப் பழகினாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில், வேந்தன் அவளை மயிலின்மேல் ஏற்றி விடுத்துத் தான் போர்மேற் சென்று மடிந்தான். பகைவனது வெற்றிமுரசின் ஒலி வானிற் சென்றுகொண்டிருந்த விசயையின் செவியிற் புக்கது. அவள் மயங்கி வீழ்ந்தாள். மயிலும் நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்கிற்று.

ஈண்டுப் புலவரின் நுட்பம் உணரத்தக்கது. பொறியிற் பழுதில்லை, ஊர்ந்தாளின் கைப்பயிற்சியிலும் குறையில்லை. உள்ளம் ஒடிந்தமையால் ஊர்தி தாழ்ந்தது. பொறி எத்துணைச் சிறந்ததாயினும், உள்ளிருப்பது மானிட நெஞ்சமே என்பதை இவ்வொரு நிகழ்ச்சியால் தேவர் காட்டிவிட்டார்.

இனி, செவ்வாய்க் கோளின் கதையை நோக்குவோம். அதன் தலைவன் மிகாசுகி ஆகஸ். அவனையொத்த சிறாரின் முதுகெலும்பில் கருவி ஒன்றைப் பதித்து, நரம்பினைப் பொறியோடு இணைக்கின்றனர். அம்முறைக்குச் சூட்டப்பட்ட பெயரோ 'ஆலய விஞ்ஞானம்' என்னும் பௌத்த தத்துவச் சொல்! பிள்ளைப்பருவத்தார்க்கே அம்முறை பொருந்துமாதலின் ஆதரவற்ற சிறாரே அதற்கு இரையாகின்றனர். பின்னர் அதன்பொருட்டே எலிகள் என இகழவும்படுகின்றனர். மூன்றுமுறை அவ்வாறு அறுக்கப்பட்ட மிகாசுகி, போருக்குப் போர் பொறியின் ஆற்றலை மிகுதியாகப் பெறுகின்றான்; அதற்கு விலையாகக் கண்ணொளியையும் கையின் இயக்கத்தையும் இழக்கின்றான். அவனும் தோழரும் தம் குழுவிற்கு இட்ட பெயர் 'இரும்பு மலர்' எனப் பொருள்படும். மலர்தற்குரிய பருவத்தை இரும்பிற்கு ஈந்தவர்க்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

இரு கதைகளின் வேற்றுமை இப்போது புலனாகும். மயிற்பொறி, பிறவாத மகவு ஒன்றைச் சாவினின்றும் காக்க எழுந்தது. மற்றைப் பொறி, பிறந்த மகவைச் சாவின் வாயில் இடுகின்றது. ஒன்றில் பொறி குழந்தைக்காக. மற்றொன்றில் குழந்தை பொறிக்காக.

இவை வெறுங்கதைகளென ஒதுக்கற்க. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளினின்று வரும் மாணவர், ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையை நன்கறிவர். 1965-இல் 'விசயந்தா' என்னும் பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் 'அஜேயா' எனப்படும் டி-72 வண்டியும் அங்கே செய்யப்பட்டது. அஜேயாவின் முன்புறத்துக் குறுகிய இடத்தில் தனியே அமர்ந்த ஓட்டுநர், இரு கைப்பிடிகளால் அதனை வலமும் இடமும் திருப்புவார். புறத்தே எஃகு எத்துணைத் தடித்ததாயினும் அகத்தே இருப்பது தசையும் குருதியுமே. ஆதலின் அங்கு யாரை அமர்த்துவது என்பது பொறிநூல் மட்டும் விடைகூறும் வினாவன்று. அறநூலும் விடைகூற வேண்டுவது. ஈழத்துப் போரில் நம் மொழி பேசும் சிறாரும் படைக்கலம் ஏந்த நேர்ந்ததை நாம் மறத்தற்கில்லை. பதினெட்டு அகவை நிரம்பாதாரைப் போரில் நேரே ஈடுபடுத்தலாகாதென 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை உடன்படிக்கை ஒன்றை ஏற்றது.

சிந்தாமணிக் கதை சுடுகாட்டோடு முடிந்திலது. அங்கே பிறந்த சீவகனை, இறந்த தன் மகவை அடக்கஞ்செய்ய வந்த கந்துக்கடன் என்னும் வணிகன் கண்டெடுத்தான். குலமும் பெயரும் வினவிக்கொண்டு நின்றானல்லன். மார்போடணைத்து மனைக்குக் கொண்டுசென்று மனைவி சுநந்தையின் கையில் ஈந்தான். தள்ளப்பட்ட பிள்ளையை வேந்தனாக்கியது மயிற்பொறியன்று. அவ்வணிகன் நீட்டிய கையே. மிகாசுகிக்கு அத்தகைய கை உரிய காலத்தில் நீளவில்லை. அஃதே அவன் கதையின் அவலம்.

சீவகன் நாட்டை மீட்டபின், தவப்பள்ளியினின்று மீண்ட விசயை செய்தவற்றையும் தேவர் கூறுகின்றார். சுடுகாட்டில் தனக்குத் துணைநின்ற தெய்வத்திற்குக் கோயில் எடுப்பித்தாள். தன்னைச் சுமந்த மயிலின் உருவை எழுதுவித்தாள். சிறார்க்குப் பாலுணவு வழங்கவும் வகைசெய்தாள். பொறியை ஓவியத்தில் நிறுத்திப் பிள்ளைகளை உணவின்முன் அமர்த்திய அவ்வன்னையின் செயலை, பொறிகள் மலிந்த இக்காலத்தில் நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும்.