ஐசியூவிலிருந்து வீடு வந்தவருக்கு வீடியோ காலில் உடற்பயிற்சி

ஐசியூவில் படுத்திருக்கும் முதல் 10 நாட்களிலேயே தொடைத் தசை கண்கூடாகக் கரையத் தொடங்கிவிடும். 'வீட்டுக்கு வந்தும் எழுந்து நடக்க மாட்டேங்கிறாரே' என்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்; அது சோம்பல் அல்ல. டாக்டர் அனுமதித்ததும் பிசியோதெரபிஸ்ட் வீடியோ காலில் பயிற்சி தரலாம்.

செல்போனை நோயாளி கையில் கொடுக்க வேண்டாம். தலை முதல் பாதம் வரை தெரியும்படி சற்றுத் தள்ளி, ஸ்டூல் மேல் நிறுத்துங்கள். கைப்பிடியுள்ள, அசையாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டவே வேண்டாம். தரையில் ஈரமோ மிதியடியோ இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்பது கட்டாயம். திரைக்கு அப்பால் இருப்பவரால் விழுபவரைத் தாங்க முடியாது.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் முக்கியப் பயிற்சி. எத்தனை முறை என்பதைப் பயிற்சியாளரே சொல்லட்டும். மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்பார்; பெரும்பாலும் 3, 4-லேயே நிறுத்தச் சொல்வார். வீம்புக்கு எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டும் விரலில் மருதாணி, நகப்பூச்சு இருந்தால் அளவு தவறலாம். ஆக்சிஜன் எதற்குக் கீழே போனால் நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. மறுநாளும் அசதி தீராவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், பயிற்சியைக் குறைப்பார்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு வந்தால் வீடியோ அழைப்பைத் துண்டித்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.