ஒப்பந்தம் மீறப்பட்டால் பரிகாரம் யாது?

நூல் வாங்கவும் துணி விற்கவும் நம் சங்கங்கள் இடையறாது ஒப்பந்தங்கள் செய்துகொள்கின்றன. வாக்களித்தவர் தவறினால் தறி நின்றுவிடும். நெசவாளியின் கூலியும் நின்றுவிடும். ஆதலின் சட்டம் தரும் பரிகாரங்களை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

1. நஷ்ட ஈடு

மீறுதலால் இயல்பாக விளைந்த நஷ்டத்தைக் கோரலாம் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு. கட்டு ரூ. 2,000 வீதம் 50 கட்டு நூல் தருவதாக ஒப்பிய வியாபாரி தவறினார். குறித்த நாளில் சந்தை விலை ரூ. 2,200 எனக் கொள்வோம். வித்தியாசமான ரூ. 10,000 சங்கத்துக்கு உரியது. ஆனால், நஷ்டத்தைக் குறைக்க வழியிருந்தும் வாளாவிருந்தவர், அதனால் பெருகிய நஷ்டத்தைக் கேட்டல் இயலாது.

தறி நின்றதால் இழந்த வருமானம் கிடைக்குமா? 1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி–பாக்ஸென்டேல் வழக்கு இதனை விளக்கும். குளாஸ்டர் நகர மாவு ஆலை ஒன்றின் இயந்திரத் தண்டு முறிந்தது. புதியது செய்வதற்கு மாதிரியாக அதனை அனுப்பினர். சுமை கொண்டு செல்வோர் தாமதித்தனர். ஆலை நின்றதால் இழந்த லாபத்தை நீதிமன்றம் அளிக்கவில்லை. அத்தண்டு வரும்வரை ஆலை ஓடாது என்னும் விசேஷ நிலைமை ஒப்பந்தக் காலத்தில் தெரிவிக்கப்படவில்லை என்பதே அது கொண்ட காரணம். நம் 73ஆவது பிரிவின் கருத்தும் இதுவே. ஆகவே, "இந்நூல் தீபாவளிச் சரக்குக்கு உரியது, தாமதித்தால் இத்தனை தறிகள் நிற்கும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுக.

2. முன்கூட்டிக் குறித்த தொகை

மீறினால் இவ்வளவு தரவேண்டும் என எழுதியிருப்பினும், 74ஆவது பிரிவின்படி அத்தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும். முழுத் தொகையும் தானே வந்துவிடாது.

3. பிறர் வழி நிறைவேற்றம்

1963ஆம் ஆண்டு குறித்தவகைப் பரிகாரச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதன்படி, மீறியவருக்கு 30 நாளுக்குக் குறையாத எழுத்து மூல அறிவிப்புக் கொடுத்து, வேலையைப் பிறரைக்கொண்டு முடித்து, ஆன செலவை அவரிடமே பெறலாம். அவ்வாறு முடித்தபின், அவரே நிறைவேற்றவேண்டும் என்று வழக்காட முடியாது. நஷ்ட ஈடு கோரத் தடையில்லை.

4. காலவரம்பு

பொதுவாக, மீறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். ஒப்பந்தப் பத்திரம், ரசீது, கடிதம், அன்றைய சந்தை விலைக் குறிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. உரிமை இருந்தும் சான்று இல்லையேல் பயன் இல்லை.

சிந்தனைக்கு: நம் சங்கத்தின் நூல் ஒப்பந்தத்தில் தாமதத்தால் நேரும் நஷ்டம் குறிக்கப்பட்டுள்ளதா? அடுத்த கூட்டத்தில் அதனைப் படித்துப் பார்ப்போமாக.