அப்பத்தாவின் பக்கத்தில் கேமரா

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு மூன்று வருடமாக மறதி நோய். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் 'எனக்கு யாரும் சோறு போடல' என்று வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவரை வைத்துக் குறும்படம் எடுக்க ஆசை. பார்ப்பவர்கள் சிரிக்கவும் கூடாது, 'ஐயோ பாவம்' என்று நகர்ந்துவிடவும் கூடாது. எப்படி எழுதுவது?

பதில்: தம்பி, சிரிப்பு, பரிதாபம் இரண்டுமே அப்பத்தாவை வெளியே நின்று பார்ப்பதால் வருகின்றன. ஃப்ளோரியன் ஸெல்லர் இயக்கிய 'தி ஃபாதர்' (2020) பாருங்கள். ஸெல்லருக்கும் உங்களைப் போலத்தான்; அவரை வளர்த்த பாட்டிக்கு அவருடைய பதினைந்தாவது வயதில் இந்த நோய் வந்தது. படத்தில், மறதி நோய் வந்த அப்பாவாக நடிக்கும் ஆண்டனி ஹாப்கின்ஸின் கண்ணெதிரே வீட்டின் நிறமும் சாமான்களும் சொல்லாமல் கொள்ளாமல் மாறும். மகள் திடீரென்று வேறொரு நடிகையின் முகத்தோடு வருவார். சாப்பாட்டு மேசையில் கேட்ட பேச்சே மறுபடி காதில் விழும். எது நிஜம் என்று ஹாப்கின்ஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவரோடு சேர்ந்து நாமும் தொலைகிறோம். 83 வயதில் அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த வேடம் அது.

உங்கள் சோற்றுக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். அப்பத்தா சாப்பிடுவதைக் காட்டாதீர்கள். பசியோடு காத்திருப்பதை மட்டும் காட்டுங்கள். வீட்டில் எல்லோரும் 'இப்பதானே சாப்பிட்டீங்க' என்கிறார்கள். பார்ப்பவருக்கு அவர்கள் மேல் கோபம் வரட்டும். அதன்பிறகு, கழுவிக் கவிழ்த்த அவருடைய தட்டு ஒரு கணம் தெரிந்தால் போதும். சோக வயலின் வேண்டாம்.

அந்த வாசல் பேச்சு தெருவுக்கே கேட்கும். பழி உங்கள் அம்மாவின் தலையில் விழும். அவரைக் கொடுமைக்கார மருமகளாகவும் ஆக்காதீர்கள், தெய்வமாகவும் ஆக்காதீர்கள். அவருக்குக் கோபம் வரும், அடுத்த நிமிடமே அது உறுத்தும். இரண்டும் படத்தில் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: 'அவரை வைத்து' என்றால் அப்பத்தாவையே நடிக்க வைப்பது என்று அர்த்தமானால், வேண்டாம். இன்று சரி என்று அவர் சொன்னது நாளை அவருக்கே நினைவிருக்காது. அப்பத்தா வேடத்துக்குத் தெரிந்த நாடகக்காரர் ஒருவரைக் கேளுங்கள்.

எழுதி முடித்ததும் முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். 'அன்னைக்கு அப்படி நடக்கலையே' என்று அவர் நிறுத்தும் இடங்களைத் திருத்தி எழுதுங்கள்.