சீகிரியாக் கண்ணாடிச் சுவர்

மாணவர்களே! நண்பர் ஒருவரின் பிறந்தநாளையொட்டி வார இறுதியில் நீங்கள் நால்வர் மாத்தளை மாவட்டத்திலுள்ள சீகிரியாவுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். இது உலர் வலயம், வெயில் கடுமையானது. ஆகவே குடிநீருடன் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள்.

ஏறும் வழியில் கண்ணாடிச் சுவரைக் காண்பீர்கள். இது முதலாம் காசியப்பன் (கி.பி. 477 – 495) காலத்தது. செங்கல்லாற் கட்டி, சாந்து பூசி மெருகேற்றப்பட்டது. அங்கே நண்பர் ஒருவர், "பிறந்தநாள் நினைவாகப் பெயரைக் கீறுவோம். முன்னோரும் எழுதினார்கள்தானே?" என்கிறார். நீங்கள் என்ன பதில் கூறுவீர்கள்?

1. முற்காலப் பயணிகள் இச்சுவரில் கீறிய பாடல்களுள் 685 ஐக் கலாநிதி செனரத் பரணவிதான வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். பழைய சிங்கள மொழியையும் அக்கால மக்களின் உணர்வுகளையும் அறிய அவை மூலாதாரங்களாகும்.

2. புதிய கீறல் பழைய எழுத்தைச் சிதைக்கும். சிதைந்ததை மீண்டும் வாசிக்க முடியாது.

3. தொல்பொருட் சின்னங்களைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றமாகும். 2015 இல் இச்சுவரிற் கீறிய இளம்பெண் ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் சனாதிபதியின் பொதுமன்னிப்பினால் அவர் விடுதலையானார்.

நினைவிற் கொள்க: அன்று எழுதியவை இன்று சான்றுகள், இன்று கீறுவது அச்சான்றுகளை அழிப்பதாகும். உங்கள் பெயர்களை நண்பரின் வாழ்த்து மடலில் எழுதுங்கள்.

பயிற்சி வினா
கண்ணாடிச் சுவர்ப் பாடல்கள் வரலாற்று மூலாதாரங்களாகக் கொள்ளப்படுவதற்கு இரண்டு காரணங்கள் தருக. (4 புள்ளிகள்)