வார்த்த குழாயும் வரும் நீரும்

திருவனந்தபுரத்து வீடுகளில் குழாயைத் திறந்தால் விழும் நீரில் பெரும்பங்கு கரமனை ஆற்றின் நீராகும். அகத்திய மலைப்பகுதியில் பிறக்கும் அவ்வாற்றை நகருக்கு வெளியே அருவிக்கரையில் தேக்கிக் குழாய் வழியே கொணரும் திட்டம், திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில், 1933ஆம் ஆண்டு நிறைவேறியது. வைசிராய் வில்லிங்டன் பிரபு திறந்துவைத்தார். அவர் பெயராலேயே அது வழங்கிற்று.

அன்று பதிக்கப்பட்டவை வார்ப்பிரும்புக் குழாய்கள். வார்த்தல் என்பது ஊற்றுதல். அடுக்களையில் தோசை வார்ப்பதற்கும் ஆலையில் இரும்பு வார்ப்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். வேறுபாடு வெப்பத்தில் உள்ளது: வார்ப்பிரும்பு உருக ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வேண்டும்.

முற்காலத்தில் மணலால் அச்சுச் செய்து, நடுவே உட்கரு ஒன்றை நிறுத்தி, இடைவெளியில் உருகிய இரும்பை வார்த்தனர். உட்கரு சிறிது விலகினாலும் குழாயின் சுவர் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் போய்விடும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுழல்வார்ப்பு முறை பரவியது. கிடையாக விரைந்து சுழலும் உருளை அச்சினுள் இரும்பை வார்த்தால், அது நடுவை விட்டு விலகிச் சுவரெங்கும் சீராகப் படிகிறது. நடுவில் துளை தானே அமைகிறது. குவளை நீரைக் கரண்டியால் சுழற்றும்போது நடுவில் குழி விழுவதும் இதே விதியால்தான்.

வார்ப்பிரும்பு நெடுநாள் உழைக்கும். ஆனால் வளைந்து கொடாது. அதனுள் கரி மெல்லிய தகடுகளாகப் பரவியிருப்பதே காரணம். விரிசல் அத்தகடுகளைப் பற்றிக்கொண்டே ஓடிவிடும். 1940களில் உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்துப் பார்த்தனர். கரி சிறு உருண்டைகளாகத் திரண்டது. விரிசல் ஓட வழியில்லாது போயிற்று. அவ்விரும்பே டக்டைல் இரும்பு. அதனால் செய்த குடிநீர்க் குழாய்களின் உட்புறத்தில் சிமெண்டுக் காரை பூசுவதால் நீர் இரும்பைத் தொடுவதில்லை.

அருவிக்கரைப் பழங்குழாய்கள் உடையும் நாள்களில் நகரின் பல பகுதிகளில் நீர் நின்றுவிடும். மாடித் தொட்டிகள் வற்றும். லாரிகளில் நீர் அனுப்பவேண்டியிருக்கும். புதுக்குழாய் பதிப்பதும் எளிதன்று. பழையதனோடு அதனை இணைக்கும்வரை நீரை நிறுத்தியே ஆகவேண்டும்.

பொருள் அறிக: கொணர்தல் – கொண்டுவருதல், உட்கரு – அச்சின் நடுவே நிற்கும் பகுதி, காரை – சாந்து.

விடை எழுதுக:
1. சுழல்வார்ப்பில் உட்கரு வேண்டாததற்குக் காரணம் யாது?
2. மக்னீசியம் சேர்ப்பதால் கரி அடையும் மாற்றம் என்ன?
3. 'வார்' என்னும் வினைச்சொல்லை அமைத்து மூன்று தொடர்கள் எழுதுக.