நீத்தாருக்கு விளக்கேற்றும் இரவு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் கடைசி நாட்களில் மெக்ஸிகோ நாட்டின் சந்தைகள் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நிறம் மாறுகின்றன. செண்டுமல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. வீடுகளில் படையல் பீடங்கள் எழுகின்றன. கல்லறைகளில் களை பறிக்கப்பட்டு, கற்கள் கழுவப்பட்டு, பூக்கள் பரப்பப்படுகின்றன. நவம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களில் மறைந்த உறவினர் தத்தம் இல்லங்களுக்குத் திரும்பி வருகின்றனர் என்பது அம்மக்களின் உறுதியான நம்பிக்கை. ‘தியா தே முயெர்த்தோஸ்’, அதாவது ‘இறந்தோர் நாள்’ என்று அழைக்கப்படும் இவ்விழாவை யுனெஸ்கோ நிறுவனம் 2003-இல் மனித குலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008-இல் அதனைத் தனது பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தது.

இவ்விழாவைக் காண வருவோருள் அண்மைக் காலத்தில் புதியதொரு வகையினரும் உள்ளனர். யோகமும் தியானமும் பயிலும் அன்பர்கள் பல நாடுகளிலிருந்தும் சிறு சிறு குழுக்களாக, ஒரு யாத்திரையாகவே இங்கு வருகின்றனர். தாம் இழந்தவர்களை நினைப்பது, தமது மரணத்தையும் அஞ்சாமல் எண்ணிப் பார்ப்பது ஆகியவை அவர்களது நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. எனினும், பிறர் வீட்டுத் துயரத்தின் நடுவே சென்று அமர்வதற்கு நோக்கம் மட்டும் தகுதியாகிவிடாது; அங்கு நடப்பது என்ன என்பதைச் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும்.

இரு நதிகள் கலந்த இடம்

ஸ்பானியர் 1521-இல் வெற்றி கொள்வதற்கு முன்னர் நடு மெக்ஸிகோவில் வாழ்ந்த நாவா மக்கள் தங்கள் ஆண்டின் இரு மாதங்களில் இறந்தோருக்கு விழா எடுத்தனர். ஒன்று சிறுவர்களுக்கு உரியது. மற்றது பெரியவர்களுக்கு உரியது. கத்தோலிக்கத் துறவியர் கொணர்ந்த நாட்காட்டியிலோ நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள். நவம்பர் 2 இறந்த நம்பிக்கையாளர் அனைவருக்குமான நாள். இரண்டாவது நாளை, சுமார் 1000-ஆம் ஆண்டளவில், பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ தமது மடங்களில் ஏற்படுத்தினார். பின்னர் அது ஐரோப்பா எங்கும் பரவியது. இவ்விரு மரபுகளும் மெக்ஸிகோவில் ஒன்றையொன்று சந்தித்தன. பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த தியேகோ துரான் என்னும் டொமினிகன் துறவி, முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கும் மறுநாள் பெரியவர்களுக்கும் மக்கள் படைப்பதைக் கண்டு, பழைய விழாவே புதிய பெயரில் நடக்கிறதோ என்று ஐயுற்று எழுதி வைத்தார். இன்றைய விழாவில் பழங்குடி மரபு எவ்வளவு, கிறிஸ்தவ மரபு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கல்லறையருகே மெழுகுவர்த்தியுடன் அமர்ந்திருக்கும் தாய்க்கு அக்கணக்கு தேவைப்படுவதில்லை.

நாவா மக்களின் மறுமைக் கொள்கையைப் பிரான்சிஸ்கன் துறவியான பெர்னார்தினோ தே சாகுன், முதியோரைக் கேட்டு விரிவாகப் பதிவு செய்துள்ளார். வாசிப்போரை வியக்கச் செய்யும் செய்தி அதில் ஒன்று உண்டு. ஒருவன் இறந்தபின் செல்லும் உலகை நிர்ணயிப்பது அவன் வாழ்ந்த விதம் அன்று, இறந்த விதமே. போரில் மடிந்த வீரரும் மகப்பேற்றில் உயிர் நீத்த பெண்டிரும் சூரியனுடன் செல்கின்றனர். நீரில் மூழ்கியோரும் மின்னல் தாக்கியோரும் மழைக் கடவுளின் பசுமையான உலகை அடைகின்றனர். நோயாலும் மூப்பாலும் இறந்த ஏனையோர் அனைவரும் வட திசையில் உள்ள மிக்த்லான் என்னும் இருளுலகை நோக்கி நான்கு ஆண்டுகள் நடக்க வேண்டும். வழியில் ஒரு பேராறு. அதைக் கடக்க உதவுவது ஒரு நாய். வெள்ளை நாயிடம் கேட்டால், ‘இப்போதுதான் குளித்தேன்’ என்று மறுத்துவிடுமாம். கறுப்பு நாயோ, ‘என் மேல் கறை படிந்திருக்கிறது’ என்று ஒதுங்கிவிடுமாம். மஞ்சள் நாயே தன் எஜமானனை முதுகில் சுமந்து கரை சேர்க்கும்.

வைதரணி ஆற்றையும், வேதங்கள் கூறும் யமனுடைய இரு நாய்களையும், தருமபுத்திரரைப் பின்தொடர்ந்த நாயையும் அறிந்த நம் அன்பர்களுக்கு இதைப் படித்ததும் மனம் துள்ளும். ‘இவர்கள் பாரத நாட்டிலிருந்து சென்றவர்களே’ என்று முடிவு கட்டி நூல் எழுதியவர்களும் உண்டு. அந்த அவசரம் வேண்டியதில்லை. கர்மக் கொள்கை நமது சிந்தனையின் முதுகெலும்பு. நாவா மக்களின் மறுமையில் அதற்கு இடமே இல்லை. நமக்கு நீத்தார் திசை தெற்கு, அவர்களுக்கு வடக்கு. இத்தகைய வேறுபாடுகளை மறைத்துப் பெறும் ஒற்றுமை உண்மையான ஒற்றுமை ஆகாது. கடலுக்கு அப்பால், நம்மை அறியாத ஒரு மக்கள் கூட்டம் மரணத்தின் முன் தானாகவே கைகூப்பி நின்றது என்பதுதான் கூடுதல் வியப்புக்கு உரியது.

மெய்யான உறவு ஒன்று உண்டு. அது பூவின் உறவு. செண்டுமல்லியின் தாயகம் மெக்ஸிகோ. நாவா மொழியில் அதன் பெயர் ‘இருபது மலர்’ என்று பொருள்படும். இன்று அது ‘செம்பசூச்சில்’ என்று வழங்குகிறது. போர்ச்சுகீசியரின் கடல் வாணிகத்தின் வழியே அது இந்தியாவை அடைந்ததாகக் கருதப்படுகிறது. நமது கோயில் வாசல்களிலும் மாலைகளிலும் அது இன்று இல்லாத இடமில்லை.

பீடத்தில் என்ன இருக்கிறது

வீட்டில் அமைக்கும் படையல் பீடத்துக்கு ‘ஒஃப்ரெண்டா’ என்று பெயர். மறைந்தவரின் புகைப்படம், அவர் விரும்பி உண்ட உணவு, அவர் பயன்படுத்திய பொருள் ஒன்று, எலும்பு வடிவில் மாவு உருட்டி வைத்துச் சுட்ட ரொட்டி, உப்பு, மெழுகுவர்த்திகள், நம் குங்கிலியத்தை ஒத்த கோப்பல் என்னும் பிசினின் புகை, காற்றில் படபடக்கும் வெட்டு வேலைப்பாடமைந்த வண்ணக் காகிதங்கள் ஆகியன அதில் இடம்பெறும். வாசலிலிருந்து பீடம் வரை செண்டுமல்லி இதழ்களால் பாதை இடுவர். அந்த மணமும் நிறமும் வழி காட்டும் என்பது நம்பிக்கை. இவை அனைத்திலும் எளியது ஒரு குவளைத் தண்ணீர். நெடுந்தொலைவு நடந்து வரும் உயிருக்குத் தாகம் எடுக்குமன்றோ? எள்ளும் நீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தர்ப்பணம் என்ற சொல்லுக்கே நிறைவுறச் செய்தல் என்பதுதான் பொருள்.

பல ஊர்களில் முதல் நாள் குழந்தைகளுக்கும், இரண்டாம் நாள் பெரியவர்களுக்கும் உரியது. விபத்தில் மாண்டோரை அக்டோபர் 28-லேயே நினைவுகூரும் இடங்களும் உண்டு. உற்றார் எவருமின்றி மறந்துபோன உயிருக்கென்று தனியே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கமும் உள்ளது. தாயும் தந்தையும் சுற்றமும் இல்லாதோருக்காக நமது தர்ப்பணத்தின் இறுதியிலும் நீர் வார்க்கப்படுகிறது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

சர்க்கரையால் செய்த மண்டையோடுகளைப் பற்றியும் கூற வேண்டும். அயலார் இவற்றை வேடிக்கைப் பொருளாகக் கருதுகின்றனர். ஆனால் அவற்றின் நெற்றியில் பெரும்பாலும் எழுதப்படுவது இறந்தவரின் பெயர் அன்று. உயிருடன் இருப்பவரின் பெயர். நண்பர் நண்பருக்கும், பெற்றோர் பிள்ளைக்கும் அதை வாங்கித் தருகின்றனர். தன் பெயர் பொறித்த மண்டையோட்டைக் கையில் வாங்கிச் சிரித்துக்கொண்டே கடித்துத் தின்னும் குழந்தை, பல ஆண்டுகள் சாதனை செய்தும் பலர் எட்டாத ஒரு பாடத்தை விளையாட்டாகத் தொட்டுவிடுகிறது.

ஓர் ஐயம்

வேதாந்தம் பயிலும் அன்பருக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். ஆன்மா பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை எனும்போது, அழுவது எதற்கு? படைப்பது எதற்கு? உடல் புதைந்த மண்ணருகே இரவெல்லாம் அமர்வது பற்றினை வளர்க்காதா?

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வில் இதற்கு விடை கிடைக்கிறது. அவருடைய அண்ணன் ராம்குமாரின் மகன் அக்ஷய் அவரது கண்ணெதிரில் உயிர் நீத்தான். உறையிலிருந்து வாள் உருவப்படுவது போல் உடலைவிட்டு உயிர் பிரிவதை அவர் கண்டார்; வாளுக்குச் சேதமில்லை, உறை மட்டும் கிடந்தது. அப்போது அவருக்குத் துயரம் தோன்றவில்லை, ஆனந்தமே தோன்றிற்று. மறுநாளோ, ஈரத் துணியைப் பிழிவது போல் தமது நெஞ்சம் பிழியப்படுவதை உணர்ந்தார். ‘எனக்கே இப்படியென்றால், இல்லறத்தார் எவ்வளவு துன்புறுவர்!’ என்று அவர்களை எண்ணி உருகினார். முதல் நாள் கண்ட உண்மையை மறுநாளின் துயரம் பொய்யாக்கவில்லை. ஞானம் கைவரப்பெற்ற மகான் பிறரது துயரத்தை அலட்சியம் செய்யாதபோது, புத்தகத்தில் மட்டும் ஞானத்தைப் படித்தவர்கள் அழுபவர்களுக்கு உபதேசம் செய்யப் புறப்படுவது பொருந்தாது. சிராத்தம் என்ற சொல் சிரத்தையிலிருந்து பிறந்தது. வள்ளுவரும் இல்வாழ்வான் போற்ற வேண்டியவர்களைக் கூறும்போது தென்புலத்தாரையே முதலில் வைத்தார்.

பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில்

யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் நாடிச் செல்வது மிச்சோவாகன் மாநிலத்தின் பாட்ஸ்குவாரோ ஏரிப் பகுதியை. கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த இவ்வேரியைச் சூழ்ந்து வாழ்பவர்கள் புரேபெச்சா மக்கள். அவர்களது பண்டைத் தலைநகரான ட்ஸின்ட்ஸுன்ட்ஸான் ஏரிக்கரையில் உள்ளது. ‘ஓசனிச்சிட்டுகளின் இடம்’ என்பது அப்பெயரின் பொருள். நவம்பர் முதல் நாள் இரவு இங்குள்ள கல்லறைத் தோட்டங்களில் ஒவ்வொரு சமாதியின் மேலும் பூ வளைவுகளும் மெழுகுவர்த்திகளும் நிறைகின்றன. போர்வை போர்த்திய பெண்கள், துணியால் மூடிய உணவுக் கூடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடியும் வரை அமர்ந்திருக்கின்றனர். குளிர் கடுமையாக இருக்கும். மணி ஒலிக்கும். பேச்சு மிகக் குறைவு.

ஏரியின் நடுவே உள்ள ஹனிட்சியோ தீவு உலகப் புகழ் பெற்றது. புகழே அதற்குச் சுமையும் ஆயிற்று. படகு படகாக வந்து இறங்கும் கூட்டத்தில், தன் பிள்ளையின் சமாதியருகே அமர்ந்திருக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே ஒளிப்படக் கருவியை நீட்டுவோரும் உளர். தலைநகரில் 2016 முதல் நடைபெறும் மாபெரும் ஊர்வலமோ, 2015-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தில் கற்பனையாகக் காட்டப்பட்ட ஊர்வலத்தைப் பின்பற்றித் தோன்றியது. அதை வேடிக்கை பார்ப்பதில் குற்றமில்லை. யாத்திரை என்று அதற்குப் பெயரிட வேண்டாம், அவ்வளவே.

விருந்தினர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் புவேப்லா மாநிலத்தின் ஹுவாகெச்சூலா என்னும் ஊர் நன்கு காட்டுகிறது. அவ்வாண்டில் ஒருவரை இழந்த குடும்பத்தினர் வெண்பட்டால் போர்த்திய பல அடுக்குப் பீடத்தை வீட்டினுள் எழுப்பிக் கதவைத் திறந்து வைக்கின்றனர். அறியாதவரும் உள்ளே செல்லலாம். கையில் ஒரு மெழுகுவர்த்தியோ மலரோ கொண்டு செல்வது முறை. பீடத்தின் முன் சிறிது நேரம் நின்றபின் அவர்களுக்கு உணவு அளிக்கப்படுகிறது, அதை மறுக்கலாகாது. குழுவாகச் செல்வோர் நாலைந்து பேராகப் பிரிந்து செல்வது நலம். முப்பது பேர் ஒரே நேரத்தில் ஒரு கூடத்தில் நுழைந்து கண்மூடித் தியானம் செய்ய முற்பட்டால், அவ்வீட்டார் எங்கே நிற்பது? கல்லறைத் தோட்டத்தில் எவரும் வந்து பூவிடாத சமாதி ஒன்று இருந்தால், அருகிலுள்ளோரிடம் அனுமதி பெற்று அங்கு ஒரு விளக்கேற்றலாம். அந்நாட்டில் தமக்கென்று ஒரு கல்லறை இல்லாத யாத்திரிகர்களுக்கு அதுவே உரிய இடம்.

புகைப்படம் வைக்காத வீடுகள்

அண்மை ஆண்டுகளில் இவ்விழா பல கடுமையான சோதனைகளைக் கண்டது. 2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் மாண்டோருக்கு அவ்வாண்டு பொது இடங்களில் பீடங்கள் அமைந்தன. 2020-இல் பெருந்தொற்றின் காரணமாகப் பல நகரங்களின் கல்லறைத் தோட்டங்கள் மூடப்பட்டன. அரசு மூன்று நாள் தேசிய துக்கம் அறிவித்தது. மக்கள் வீட்டுப் பீடத்தோடு அமைந்தனர்.

இவற்றினும் ஆழமான காயம் ஒன்று உண்டு. காணாமற்போனோரின் எண்ணிக்கை மெக்ஸிகோ அரசின் பதிவேட்டிலேயே 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவர்களுடைய தாய்மாருள் பலர் மகனின் படத்தைப் பீடத்தில் வைக்க மறுக்கின்றனர். வைத்தால் அவன் இறந்துவிட்டான் என்று தாமே ஒப்புக்கொண்டதாகும் அல்லவா? வேறு சிலர் பொதுச் சதுக்கங்களில் பீடம் அமைத்து, ‘எங்கே அவர்கள்?’ என்று கேட்கின்றனர். ஊரெல்லாம் வழி காட்டும் மலர்களைத் தூவும் இரவில், எந்தத் திசையில் தூவுவது என்று அறியாத வீடுகள் இவை. மரணத்தை மெக்ஸிகோ மக்கள் சிரித்து வரவேற்கின்றனர் என்று பயண நூல்கள் எழுதுவதை நம்பி வரும் சாதகர் இவ்வீடுகளையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கடோபநிஷதத்தின் நசிகேதன் யமனின் வாயிலில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான். அவன் முதலில் கேட்ட வரம் பிரம்மஞானம் அன்று. தன் தந்தையின் கவலை நீங்கி அவர் மனம் அமைதியுற வேண்டும் என்பதே. மரணத்தின் இரகசியத்தைப் பற்றிய வினா மூன்றாவதாகவே வந்தது. இரவு முழுவதும் கல்லறையருகே அமரப் போகும் குழுவினர், புறப்படுவதற்கு முன் இவ்வரிசை முறையைத் தமக்குள் கலந்து ஆராய்வது பயன் தரும். யாருக்காக இவ்விரவில் அமர்கிறோம், அவர்களிடம் கேட்காமல் விட்டது என்ன, மன்னிக்காமல் வைத்திருப்பது என்ன என்று ஒவ்வொருவரும் தனித்து எண்ணிப் பார்த்து, ஒரு பெயரையேனும் தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். பெரிய சடங்கு எதுவும் தேவையில்லை.

நவம்பர் 2-ஆம் நாள் விடியலில் மெழுகுவர்த்திகள் அடிவரை எரிந்து அணைகின்றன. பெண்கள் கூடைகளின் துணியை விலக்குகின்றனர். படைத்த உணவின் சாரத்தை வந்தவர்கள் ஏற்றுக்கொண்டனர், எஞ்சியது இருப்பவர்களுக்கு என்று கூறி, ரொட்டியும் பழமும் உறவினருக்கும் அண்டையிலிருப்போருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. இரவெல்லாம் ஓசையின்றி உடனிருந்த அயலாரின் கையிலும் ஒரு துண்டு வைக்கப்படுகிறது. பிறகு அவர்கள் போர்வைகளை மடித்து, உறங்கும் குழந்தைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வீட்டு வேலைகளைப் பார்க்கச் செல்கின்றனர்.